டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்: சஸ்பென்ஷன் பாகங்களை அடையாளம் கண்டு, வண்டி நிற்கும் உயரத்தை அளக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர்களில், எழுபதைத் தாண்டிய மெக்கானிக்குகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய இங்கிலாந்துக் காரின் பெயரைச் சொன்னால் அவர்களில் பலருக்குத் தெரியாது. முன்பக்கம் முழுவதையும் பானெட்டோடு சேர்த்துத் தூக்கிக் காட்டியபோது, எங்கள் ஊர் ஆசான் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்ம ஹெரால்டு ஆச்சே" என்றார். அவர் சொன்னது பெருமளவு உண்மை. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் அதே ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கி அமைக்கப்பட்டது. ஹெரால்டில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் அது 83 அங்குலம், அதாவது 2108 மி.மீ.

இந்த உறவு நமக்கு நன்மையும் தருகிறது, சிக்கலும் தருகிறது. நம் பக்கத்தில் ஓடிய ஸ்பிட்ஃபயர்களில் காலப்போக்கில் ஹெரால்டின் ஸ்பிரிங்கோ, ஷாக் அப்சார்பரோ, சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கவை வடிவக் கையான விஷ்போனோ ஏறியிருக்க வாய்ப்பு மிக அதிகம். அவற்றில் பல போல்ட்டுத் துளைகளில் ஒழுங்காகவே உட்கார்ந்துவிடும். ஆகவே, வண்டி நிற்கும் உயரத்தை மட்டும் அளந்து, அதைப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, "ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது" என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறாகவே முடியும். எந்தப் பாகங்களின் மேல் வண்டி நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அளவு எடுப்பது அதன் பிறகுதான்.

எந்த மாடல் என்று உறுதி செய்தல்

வண்டியின் அடையாளத் தகட்டில் உள்ள எண், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எண் எஃப்.சி. என்று தொடங்கினால் மார்க் 1 அல்லது மார்க் 2, எஃப்.டி. என்றால் மார்க் 3; எஃப்.எச். என்றால் மார்க் 4 அல்லது 1500. முதல் மூன்று மாடல்கள் 1962 முதல் 1970 வரையிலும், மார்க் 4 1970 முதல் 1974 வரையிலும், 1500 அதன் பிறகு 1980 வரையிலும் வந்தவை. பின்பக்க சஸ்பென்ஷன் மார்க் 4-இல்தான் பெரிய மாற்றம் கண்டது. எனவே எஃப்.டி.யா எஃப்.எச்.சா என்பதே நமக்கு முக்கியமான கேள்வி. தகடு என்ன சொன்னாலும், அடியில் இருப்பது அதுவேதானா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

அடியில் புகுவதற்கு முன் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கேரளத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது வெட்டுக்கல். அதை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். வெட்டுக்கல் புள்ளிச் சுமையில் பொடிந்துவிடும். ஹாலோ பிளாக் அதைவிட மோசமானது. இரும்பு ஸ்டாண்டுகளைச் சேசிஸ் சட்டத்தின் அடியில் வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே அடியில் செல்லுங்கள். வண்டி சுமார் 700 கிலோதான் என்றாலும், கீழே இருப்பவருக்கு அதில் வேறுபாடு இல்லை.

முன்பக்கம்

முன்பக்கத்தைப் படிப்பது எளிது, ஏனெனில் பானெட் முழுவதும் முன்னோக்கித் திறக்கும்போது சக்கரத்தைக் கழற்றாமலேயே எல்லாம் வெளிச்சத்தில் தெரியும். மேலே ஒரு விஷ்போன், கீழே ஒரு விஷ்போன், இரண்டுக்கும் இடையே ஷாக் அப்சார்பரைச் சுற்றிய காயில் ஸ்பிரிங். மேல் விஷ்போனின் வெளிமுனையில் பால் ஜாயின்ட் எனப்படும் உருண்டை இணைப்பு இருக்கிறது. கீழ்முனையில் பால் ஜாயின்ட் இல்லை. அங்கே டிரனியன் எனப்படும் மஞ்சள் நிறப் பித்தளைக் கட்டி ஒன்று இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இணைப்பின் அடிமுனை மரை வெட்டப்பட்டு இந்தக் கட்டிக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரைதான் சுழல்கிறது.

டிரனியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, ஈ.பி. 90 கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும். கிரீஸ் மரைக்குள் சென்று கெட்டிப்பட்டு, ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் நன்கு பராமரிக்கப்பட்டது போலத் தோன்றும். உள்ளே எஃகு மரை துருவேறி, ஒரு நாள் குறைந்த வேகத்தில் திரும்பும்போது ஒடிந்து, சக்கரம் மடிந்துவிடும். தென்மேற்குப் பருவமழை கணவாய் வழியாக நேராக வந்து இறங்கும் எங்கள் பகுதியில் இந்தப் பயம் கற்பனையல்ல. என் வண்டியை வாங்கியபோது இரண்டு டிரனியன்களிலும் கிரீஸ் நிப்பிள் பொருத்தி, நிறையக் கிரீஸ் ஏற்றியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தபோது இடப்பக்க இணைப்பின் மரைக்கு மேல் தலைமுடி போன்ற ஒரு விரிசல் ஓடியிருந்தது. இப்போது மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் தவறாமல் ஆயில் செலுத்துகிறேன். ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பித் திருப்பி, மேல் பக்கம் ஆயில் கசியும் வரை செலுத்த வேண்டும். புதிய டிரனியன் வாங்குபவர் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இடப்பக்கத்தின் மரையும் வலப்பக்கத்தின் மரையும் ஒன்றுக்கொன்று எதிரானவை, ஒன்றை மற்றதற்கு மாற்ற முடியாது.

தேய்மானத்தை அறிய, சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் கைவைத்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங்கின் ஆட்டம். மறையாவிட்டால் டிரனியனோ பால் ஜாயின்டோ தேய்ந்திருக்கிறது.

அடுத்து காயில் ஸ்பிரிங். கம்பியின் தடிமனை வெர்னியரால் இரு பக்கமும் அளந்து, சுற்றுகளின் எண்ணிக்கையை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பது முதல் சோதனை. இரண்டாவது சோதனை, ஸ்பிரிங்கின் முனை. தொழிற்சாலையில் முடிக்கப்பட்ட முனை சீராக இருக்கும். கிரைண்டரால் வெட்டப்பட்ட முனையில் வெட்டுத்தடம் தெரியும், சில சமயம் சூட்டில் நீலம் பாய்ந்த நிறமும் இருக்கும். சுற்று வெட்டிய ஸ்பிரிங் வண்டியைத் தாழ்த்துவதோடு நிற்காது. வேலை செய்யும் சுற்றுகள் குறைவதால் அது விறைப்பாகவும் ஆகிறது. இதை உயர அளவு காட்டாது. ஸ்பிரிங்கின் மேல் தட்டுக்கும் அதற்கும் இடையே வளையமோ அலுமினியத் துண்டோ சொருகி உயர்த்தியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தொகுதியாக வண்டியிலிருந்து இறக்கிவிடலாம்; ஆனால் அவற்றைப் பிரிப்பது ஸ்பிரிங் அமுக்கும் கருவி இல்லாமல் ஒருபோதும் செய்யக் கூடாத வேலை.

கீழ் விஷ்போனின் உள்முனைத் தாங்கிகளுக்கும் சேசிஸுக்கும் இடையே மெல்லிய தகடுகள் இருக்கும். சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்ய வைக்கப்பட்டவை அவை. எத்தனை, எந்தப் பக்கம் என்று எழுதாமல் அவற்றை எடுக்க வேண்டாம்.

பின்பக்கம்

இந்தக் காரின் குணமெல்லாம் பின்பக்கத்தில் இருக்கிறது. அம்பாசடர் போல இரு பக்கமும் நீளவாக்கில் லீஃப் ஸ்பிரிங் இங்கே இல்லை. இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் தலைமேல் ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங் குறுக்காகப் படுத்திருக்கிறது; அதன் இரு முனைகளும் இரு பின்சக்கரங்களின் செங்குத்து இணைப்புகளைப் பிடித்திருக்கின்றன. ஆக்சில் தண்டு டிஃபரன்ஷியலை ஒட்டிய ஒரே ஒரு கிராஸில், அதாவது மடியக்கூடிய குறுக்கு இணைப்பில், மடிகிறது. ஆகவே சக்கரம் மேலும் கீழும் போகும்போது, கதவு கீலில் ஆடுவது போல, அந்தக் கிராஸை மையமாகக் கொண்டு ஆடுகிறது. உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறுகிறது. பின்பக்கம் தாழ்ந்தால் சக்கரங்களின் தலை உள்ளே சாயும். உயர்ந்தால் தலை வெளியே சாய்ந்து, அடிப்பகுதி வண்டிக்குள் ஒடுங்கும். இரண்டாவது நிலைதான் அபாயமானது, ஏனெனில் வேகமான வளைவில் பின்சக்கரம் மேலும் உள்ளே மடங்கி, பின்பக்கம் திடீரென விலகிவிடும்.

லீஃப் ஸ்பிரிங் எந்த வகை என்பதை அறிய, இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடித்தகட்டைக் கழற்றுங்கள். மார்க் 3 வரையிலான ஸ்பிரிங்கில் எல்லாப் பட்டைகளும் ஒன்றாக டிஃபரன்ஷியலின் மேல் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். மார்க் 4 முதல் வந்தது ஸ்விங் ஸ்பிரிங். அதில் நடுவே ஒரு பெட்டி போன்ற பிடிப்பு தெரியும். ஒரு பட்டை மட்டும் இறுக்கப்பட்டிருக்க, மற்றவை அந்தப் பெட்டிக்குள் தராசுக் கோல் போல இருபுறமும் ஆட முடியும். இதனால் வளைவில் வண்டி சாயும்போது பின்பக்கம் மேலெழும்பும் இயல்பு குறைந்தது; ஆனால் வண்டி சாய்வதைப் பின்பக்கம் தடுக்கும் வலுவும் குறைந்ததால், அதை ஈடுசெய்ய, சாய்வைத் தடுக்கும் கம்பியான முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரைத் தடித்ததாக ஆக்கினார்கள். மார்க் 3 வண்டியில் ஸ்விங் ஸ்பிரிங் மாற்றிப் பொருத்தியிருப்பதைக் கண்டால், முன்னால் தடித்த பாரும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் அந்த வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

ஹெரால்டின் ஸ்பிரிங் இதே இடத்தில் உட்கார்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். அது நான்கு பேர் ஏறும் காருக்காகச் செய்யப்பட்டது. இரண்டு பேர் மட்டும் அமரும் இலேசான ஸ்பிட்ஃபயரின் கீழ் அது பின்பக்கத்தைத் தூக்கியே வைக்கும். ஹெரால்டின் வழியில் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் இந்த அமைப்பே கைவிடப்பட்டு, சாதாரண முழு ஆக்சில் வந்துவிட்டது. எனவே கெசலின் பின்பக்கத்திலிருந்து நமக்கு எதுவும் கிடைக்காது. ஆக்சில் தண்டில் தடித்த ரப்பர் வளையம் போன்ற இணைப்பைப் பார்த்தால், அது டிரையம்ஃபின் மற்றொரு காரான, 1968-இல் வந்த ஜி.டி.6 மார்க் 2-இன் அமைப்பு. அதன் அளவுகளும் முறைகளும் தனியானவை.

ஸ்பிரிங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையே உலோகக் கட்டை ஏதும் செருகப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இங்கே நம் ஊர் அனுபவம் நம்மை ஏமாற்றும். லாரியில் ஆக்சிலுக்கும் அதன் மேலுள்ள ஸ்பிரிங்குக்கும் இடையே கட்டை வைத்தால் வண்டி உயரும். ஸ்பிட்ஃபயரில் ஸ்பிரிங் வண்டியின் உடலோடு பிடிக்கப்பட்டு, முனைகளில் சக்கரங்களைத் தாங்குவதால், அடியில் கட்டை வைத்தால் ஸ்பிரிங்கும் அதோடு சக்கரங்களும் மேலேறி, வண்டி தாழும். பின்பக்கம் தாழ்ந்திருக்கும் வண்டியில் இந்தக் கட்டை இருந்தால், ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் கட்டையின் தடிமனை அளந்து கணக்கில் சேருங்கள்.

செங்குத்து இணைப்பிலிருந்து முன்னோக்கி ஓடும் ரேடியஸ் ராடு, சக்கரம் நேராக நிற்பதைக் காக்கிறது. ஸ்பிட்ஃபயரில் அதன் முன்முனை சேசிஸில் அல்ல, உடலின் தரைத்தகட்டில் உள்ள தாங்கியில் பிடிக்கப்பட்டிருக்கிறது. மழைச்சேறு தேங்கும் இடம் அது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலிக்குப் பதில் மந்தமான ஒலி வந்தால் தகடு அரித்திருக்கிறது, உயரத்தைப் பற்றிய வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பின்சக்கரங்களின் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு உள்ள அகலம் சுமார் 48 அங்குலமானால் பழைய குட்டை ஆக்சில் தண்டுகள். 50 அங்குலமானால் 1973-இல் வந்த நீண்ட தண்டுகள்.

புஷ்கள்

எனக்கு நேர்ந்த ஒரு தவறு மற்றவர்களுக்கு நேரக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பின்பக்கம் இணைப்புத் துளைகளில் உட்காரும் எல்லா ரப்பர் புஷ்களையும் ஒரு பட்டறையில் புதிதாக மாற்றினோம். மறுநாள் வண்டி முன்பைவிட உயர்ந்து, பின்சக்கரங்கள் தலை வெளியே சாய நின்றது. ஸ்பிரிங் கூடுதல் விறைப்பு என்று சொல்லி, ஒரு பட்டையை உருவிவிட ஆலோசனை வந்தது, நானும் ஒப்புக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருந்தபோதே, சக்கரங்கள் கீழே இறங்கிய நிலையில், புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டார்கள். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கத்தான் செய்யும். எந்த நிலையில் இறுக்கினோமோ அந்த நிலைக்கே திரும்ப முயலும். அந்த முறுக்கம் வண்டியைத் தூக்கிப் பிடித்ததோடு, சில மாதங்களில் ரப்பரையும் கிழித்தது. ஆகவே புஷ் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி வைத்து, வண்டியைச் சக்கரங்களில் இறக்கி, எடையேற்றி, உருட்டிய பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். உங்கள் வண்டியின் வரலாறு தெரியாவிட்டால், அளப்பதற்கு முன் எல்லா புஷ் போல்ட்டுகளையும் இந்த முறையில் ஒரு முறை தளர்த்தி இறுக்குவது நல்லது.

அளக்கும் முறை

முதலில் தரை. தென்னந்தோப்புக்காரர்களிடம் சிமென்ட் களம் இருக்கும். அகலமாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் அங்கே அளக்கத் தோன்றும். ஆனால் கொப்பரைக் களம் மழைநீர் வடிவதற்காக ஒரு பக்கம் வாட்டமாகவே போடப்பட்டிருக்கும். நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களைக் கொத்தனாரின் தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்து, தாழ்ந்த இடத்தில் தகடோ ஓடோ வைத்துச் சமன் செய்யுங்கள்.

பிறகு நான்கு டயர்களும் ஒரே அளவுதானா என்று பார்த்து, காற்றைக் குளிர்ந்த நிலையில் சரிசெய்யுங்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்பதைக் குறியுங்கள். முதல் மூன்று மாடல்களில் நிறைந்த தொட்டி சுமார் 37 லிட்டர், அதாவது ஏறத்தாழ 27 கிலோ, அதுவும் இருக்கைகளுக்குப் பின்னால். கையேட்டில் உள்ள அளவு ஆளில்லாத வண்டிக்கா, இருவர் அமர்ந்த வண்டிக்கா என்று படித்து, இரண்டாவதானால் ஒவ்வோர் இருக்கையிலும் ஓர் ஆளின் எடைக்கு அரிசி மூட்டை வையுங்கள்.

ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் எடுக்கும் அளவுக்கு இந்தக் காரில் எந்த மதிப்பும் இல்லை. இறங்கும்போது பின்சக்கரங்கள் பக்கவாட்டில் நகர்ந்து விரிய வேண்டும். டயர் தரையைப் பிடித்துக்கொள்வதால் அவை விரியாமல் வண்டி உயர்ந்தே நிற்கும். வண்டியை முன்னும் பின்னும் குறைந்தது பத்து மீட்டர் உருட்டி, இரு முனைகளையும் பலமுறை அமுக்கிவிட்டு அளக்க வேண்டும். இடம் இல்லாவிட்டால், பின்சக்கரங்களின் கீழ் இரண்டு மடிப்பு உரச் சாக்கை இடையே கிரீஸ் தடவி வைத்தால், சக்கரம் தானாக விரிந்து அமரும்.

இப்போது சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே, மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளங்கள். தரையிலிருந்து அளப்பதைவிட இது நம்பகமானது. டயரின் தேய்மானமும் காற்றும் இதில் கலப்பதில்லை. பழைய வண்டியின் மட்கார்டு அடிபட்டுத் திருத்தப்பட்டிருக்கலாம் என்பதால், சேசிஸ் சட்டத்தின் இரு பக்கமும் ஒத்த புள்ளிகளிலிருந்து தரைக்கு உள்ள தூரத்தையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். இரு அளவுகளும் ஒரே கதையைச் சொல்லவில்லையென்றால், சேசிஸ் சொல்வதை நம்புங்கள்.

பின்சக்கரச் சாய்வைத் தூக்குக் குண்டால் அளக்கலாம். நூலைச் சக்கரத்தின் முன் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியையும் கீழ் விளிம்புக்கு உள்ளதையும் எடுங்கள். 13 அங்குலச் சக்கரத்தில் இரண்டுக்கும் 6 மி.மீ. வேறுபாடு என்றால் ஏறத்தாழ 1 பாகைச் சாய்வு. கிராஸிலிருந்து சக்கரம் வரை உள்ள தூரத்தை அரை மீட்டர் என்று கொண்டால், உயரத்தில் 9 மி.மீ. மாற்றம் சுமார் 1 பாகை மாற்றத்தைத் தரும். இந்தக் கணக்கு உயர அளவைச் சரிபார்க்கும் சாட்சி. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 9 மி.மீ. தாழ்ந்திருந்து, சாய்வு மட்டும் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால், கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை. உடலிலோ மட்கார்டிலோ இருக்கிறது.

முன்பக்கம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், இரண்டு ஸ்பிரிங் தொகுதிகளையும் இடம் மாற்றிப் பொருத்தி மீண்டும் அளங்கள். தாழ்வு ஸ்பிரிங்கோடு இடம் மாறினால் ஸ்பிரிங்தான் காரணம். அதே பக்கத்தில் நின்றால் விஷ்போனையோ சேசிஸையோ பின்பக்கத்தையோ பார்க்க வேண்டும். பின்பக்கம் ஒரே ஸ்பிரிங் இரு சக்கரங்களையும் தாங்குவதால், அதன் ஒரு முனை தளர்ந்தால் அந்தச் சாய்வு எதிர்மூலையில் முன்பக்கத்திலும் தெரியும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

மாற்றங்களில் இறங்குவதற்கு முன், இருக்கும் நிலையைத் தெளிவாகப் படம் எடுத்து வைப்பது அவசியம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியின் மூலக் குறிப்புகளை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வகையில் பதிவு செய்ய 2021-இல் வந்த விதிகளும் மூல வடிவம் காக்கப்பட்டிருப்பதை எதிர்பார்க்கின்றன.

புதிய ஸ்பிரிங் போட்டவர்கள் அன்றே எடுத்த அளவை முடிவாகக் கொள்ள வேண்டாம். வேலந்தாவளம் வழியாகக் கோவை வரை இரண்டு மூன்று முறை சென்று வந்து, ஸ்பிரிங் அமர்ந்த பிறகு, அதே தரையில், அதே காற்றில், அதே அளவு பெட்ரோலோடு மீண்டும் அளந்து, இரண்டு வரிசை எண்களையும் தேதியோடு ஓர் அட்டையில் எழுதி, இருக்கைக்குப் பின்னால் உள்ள அந்த மூடித்தகட்டின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்து அதைக் கழற்றுபவர் யாராயினும் முதலில் பார்ப்பது அதுவாக இருக்கும்.